உன் ரத்தமே உனக்குப் போதும் என்றேன்

டேய், இன்று காலை சுகர் டெஸ்டுக்கு விரலைக் குத்தும் முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள் லேபில் இருந்த பெண். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. ஊசி என்றால் எனக்கு இன்றும் உயிர் போகும். அது உனக்குத் தெரியாது. தெரியவிடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் உன் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே உன் ரத்தத்தையே இரண்டு பை எடுத்து வைத்து, ஆபரேஷனில் உனக்கே ஏற்றுவோம் என்றார் டாக்டர். உனக்கு ஒரே குஷி. வானவடியில் உன் வீடு வரை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "யார்கிட்டயும் கையேந்த வேணாம் பாத்தியா! என் சரக்கு எனக்கே!" என்று கத்திக்கொண்டே வந்தாய். இறங்கும்போது மட்டும், "எதுக்கும் நம்ம குரூப்ல ரெண்டு பேரைச் சொல்லி வைடா" என்றாய்.

உனக்கும் எனக்கும் ஒரே குரூப். இரண்டு பேர் என்றால் முதல் ஆள் நான்தானே? பேச்செடுத்தால் என் கையிலும் ஊசி ஏறும். அதனால் ஃபேக்டரியில் தாங்களாகவே வருகிறோம் என்றவர்களிடம்கூட, "வேண்டாம், அவன் ரத்தமே அவனுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று இரண்டு பையும் ஏறி முடிந்தும் போதவில்லை. நர்ஸ் வெளியே வந்து, ரத்தம் கொடுக்க ஆள் எங்கே என்று மராத்தியில் அதட்டினாள். உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, சொல்லி வச்சிருக்கீங்கல்ல?"

"வந்துட்டே இருக்காங்கம்மா."

பாவி நான்! சட்டைக் கையை மடித்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் டெலிபோன் பூத்துக்கு ஓடி, ஃபேக்டரியில் அதே குரூப்காரன் ஜாதவைக் கூப்பிட்டேன். அவன் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை உன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜாதவ் கொடுத்தான். அவனோடு நானும் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து, நானும் கொடுத்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

அதன்பின் பத்து வருஷம் நன்றாக நடந்தாய். யாரைக் கண்டாலும் என் தோளைத் தட்டி, "இவன் ரத்தம் ஓடுதுப்பா எனக்குள்ள" என்பாய். ஒருமுறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் டீ சொல்லப் போய்விட்டாய்.

உன்னை எடுத்த அன்று, சொந்தக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடித்ததும் உன் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "அங்கிள், நீங்களும் போடணும். அப்பா சொல்லி வச்சிருக்காரு."

போட்டேன்டா. உனக்கு நான் உண்மையில் கொடுத்தது அந்த ஒரு பிடி அரிசி மட்டும்தான்.