ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

மார்ச் 4, செவ்வாய்
வெளியே வெயில் கொளுத்துகிறது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சர்வர் கூடத்தின் ஏசி இயந்திரங்களுக்கானது. மனிதர்கள் விறைத்துப்போனால் யாருக்கென்ன.

இணைய இணைப்பு தரும் இரண்டு கம்பெனிகளிடமும் கேபிள் வரும் பாதையின் வரைபடம் கேட்டிருந்தேன். இழுத்தடித்து, கெஞ்சவிட்டு, இன்றுதான் அனுப்பினார்கள். எங்களிடம் இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் விற்பதே இதைத்தான்: ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். இரண்டு கம்பெனி, இரண்டு வழி.

இரண்டு வரைபடத்திலும் கோடு தெருமுனையில் தரையிலுள்ள ஒரே மூடிக்கு அடியில் போகிறது. எனக்குத்தான் கண்ணில் கோளாறா?

மார்ச் 5
கோளாறு இல்லை. மதியம் லைன் பார்க்க வந்தவர்கள் அந்த மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சுக் குழாய் ஒன்று, பச்சைக் குழாய் ஒன்று, ஒட்டிப் பிறந்தவை மாதிரி. இரண்டாவது கம்பெனி பள்ளம் தோண்டவே இல்லை. முதல் கம்பெனியின் பள்ளத்தில் குடக்கூலிக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக பில் கட்டுகிறோம், அதுதான் வித்தியாசம்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"பாத்துக்கலாம்ப்பா."

"எப்ப சார்? அந்தத் தெருவுல வடிகால் வேலை வரப்போகுதுன்னு போர்டே வெச்சுட்டாங்க."

"மூணாவது லைனைப் பின்பக்கத் தெரு வழியா இழுக்கணும். அதுக்கு முதலாளி சரின்னு சொல்லணும். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே."

மார்ச் 16, ஞாயிறு
என் நச்சரிப்பு தாங்காமல் முதலாளியை அழைத்து வந்து ஒரு சோதனை வைத்தார் மேனேஜர். எல்லோர் முன்னாலும் ஒரு கேபிளை நானே பிடுங்கினேன். ஒரு இணையதளம்கூட அசையவில்லை. முதலாளி கை தட்டினார்.

"இவ்ளோ ஜோரா வேலை செய்யுது, மூணாவது எதுக்கு?"

கட்டடத்துக்குள் பிடுங்கினால் எல்லாம் வேலை செய்யும் சார், பள்ளம் வெளியில் இருக்கிறது என்றேன்.

"தம்பிக்கு ரெண்டு நாள் லீவு குடுங்கப்பா. மூஞ்சியே சரியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 17
அலுப்பு.

மார்ச் 22, சனி
அக்கா வீடு. அத்தான் வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் விற்கும் தளம் நடத்துகிறார். நான் சொன்னேன் என்றுதான் அதை எங்கள் சர்வரில் கொண்டுவந்து வைத்தார்.

"அத்தான், வேற இடத்துக்கு மாத்திடுங்க."

"என்ன மாப்ள, உன் கடைச் சரக்கு உனக்கே பிடிக்கலையா?"

பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "நீ இருக்கேல்ல. அது போதும்."

"நான் என்ன கேபிளா? நான் இருந்தா டிக்கெட் வித்துடுமா?"

"சாப்பிடும்போது கத்தாதடா" என்று அக்கா என் தட்டை இன்னும் கிட்டே தள்ளினாள்.

மாற்றமாட்டார். பள்ளி விடுமுறைக் கூட்டம் முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது? நம்பிக்கை வைத்தே ஆளை நசுக்குகிறார்.

ஏப்ரல் 2
தெருவைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் அந்தக் கோடியில்தான். மேனேஜருக்கு நினைவூட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 11, வெள்ளி
போயிற்று.

தோண்டும் இயந்திரம் ஒரே வாயில் இரண்டையும் கவ்விவிட்டது. காலையில் போனது, இருட்டிய பிறகுதான் வந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை: சர்வர்கள் ஓடுகின்றன, பச்சை விளக்குகள் மினுங்குகின்றன, வெளியே ஒருவருக்கும் பதில் சொல்ல வழியில்லை. நாளை விடுமுறை தொடங்குகிறது. அத்தானுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் இன்றைக்குத்தான்.

அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 12
அத்தான் திட்டவில்லை. "நீ சொன்னே, நான் கேக்கல. என் தப்பு மாப்ள." நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கேபிளை ஒட்டியாயிற்று. அதே பள்ளத்தில். வாடிக்கையாளர்களுக்கு மேனேஜர் அனுப்பிய அறிவிப்பு: 'எதிர்பாராத விதமாக இரண்டு இணைப்புகளும்...' எதிர்பாராத! யாருய்யா எதிர்பாக்கல?

ஏப்ரல் 15, செவ்வாய்
அத்தானின் வாய் சும்மா இருக்காது. என் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, 'எங்க மச்சினன் முன்னாடியே எச்சரிச்சான்' என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் அம்மா. அவர் தளமும் எங்களிடம்தான். அன்று யாருக்கும் ரிசல்ட் போகவில்லை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவருக்கு பைக்கில் ஆள் அனுப்பிக் காகிதமாகக் கொடுத்தாராம்.

இன்று அந்த அம்மா போன் செய்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"உங்க அத்தானுக்குச் சொன்னீங்களாமே. எனக்கு ஏன் தம்பி சொல்லல? நான் உங்களுக்குச் சொந்தமில்ல, அதானே?"

வாயைத் திறக்காதே என்றார்கள் என்று சொல்வதா? அப்படியானால் அத்தானிடம் எப்படித் திறந்தேன்? மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவன் என்று எனக்கொரு பெயர். நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும் பட்டுன்னு. மத்தவங்களுக்கெல்லாம் 'எதிர்பாராத விதமாக'. சீ.

ஏப்ரல் 16, புதன்
காலையில் போனதும் மேனேஜரிடம் சொன்னேன்: "ஒவ்வொரு கஸ்டமருக்கும் போன் போடப் போறேன் சார். ரெண்டு லைனும் இன்னும் ஒரே பள்ளத்துலதான் கெடக்குன்னு சொல்லப் போறேன்."

"வேலை போயிடும்ப்பா."

"தெரியும் சார்."

"உனக்கு மட்டும்னு நெனச்சியா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் போன் அந்த அம்மாவுக்கு. பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது லைன் எப்போது வரும் என்றார். தெரியாது மேடம், வராமலும் போகலாம் என்றேன். "அப்ப நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து அதிலேயே முடித்தார். மூன்றாவது ஆள் ஒரு வயதான கடைக்காரர். திறந்திருந்த கதவு வழியாக வந்த சர்வர் கூடத்தின் இரைச்சலில் நான் பேசுவது அவருக்குக் கேட்கவே இல்லை. "என்ன பள்ளம்? யாரு விழுந்தது?" என்கிறார்.

மேனேஜர் எழுந்து வந்தார். போனைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கூடத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். இரைச்சல் அடங்கியது. திரும்பிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரருக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.