இருபது முதுகுகளில் என் முகம்

பிப்ரவரி 11, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கூடைப் பழத்தோடு வந்ததால் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நலம் விசாரிக்க மட்டும் வருகிறவர்கள் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் காப்பீட்டு நிறுவனம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப்போகிறதாம். ஐந்து நாள் சைக்கிள் பயணம், கிளை மேலாளர் தலைமையில் இருபது பேர். மேலாளர் அவர்களைப் 'படை' என்கிறார். ஆகவே இன்று முதல் எனக்கு அவர் படைத்தலைவர். அந்த நோய் கைவசம் உள்ள ஒரே ஊழியர் நான் என்பதால், பயணத்தின் 'முகம்' நானாம்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் மேடம். வேன்ல சும்மா உக்காந்து வந்தா போதும்," என்றார் மனிதவளப் பிரிவு அம்மாள். துக்கம் விசாரிக்கப் போனாலும் வாயெல்லாம் பல்லாக நிற்பவர். சிரிப்பு மேடம் என்றால்தான் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

பதினெட்டு வருடம் அங்கே மருத்துவக் கோரிக்கைகளைப் பரிசீலித்தவள் நான். யாருக்கு நிஜமாகவே நோய், யார் கதை விடுகிறார்கள் என்று பிரிப்பதுதான் வேலை. இப்போது சம்பளத்தோடு மருத்துவ விடுப்பில் நானே ஒரு கோப்பு. "சும்மா உட்காருவதில் எனக்கு இரண்டு வருட அனுபவம் இருக்கு," என்றேன். சிரிப்பு மேடம் சிரித்தார். என் வீட்டுக்காரர் முறைத்தார்.

அவர்கள் போனதும் சொன்னார்: "நல்ல காரியம்மா. வேனை நானே ஓட்டிட்டு வர்றேன். நீ பத்திரமா இருப்ப."

பத்திரமா. இந்த வீட்டில் அதிகம் புழங்கும் சொல் அதுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

பனியனில் அச்சிட என்னைப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சோகமா பாருங்க மேடம்" என்றார் போட்டோகிராபர். இந்த நோயில் முகத் தசையெல்லாம் விறைத்துப்போய், நான் சிரித்தாலே சோகமாகத்தான் தெரியும். அது போதவில்லையாம். கடைசியில் வெயில் கண்ணில் குத்தி, தும்மல் வரப்போன நொடியில் கிளிக் செய்துவிட்டு, "இதான், இதான்!" என்று துள்ளினார்.

வராத அந்தத் தும்மல் இருபது முதுகுகளில் ஏறப்போகிறது. கீழே வாசகம்: 'இவருக்காக மிதிக்கிறோம்.' உருப்படும்.

மார்ச் 12, புதன்

புறப்பட்டாயிற்று. கணக்குப் பிரிவு, வசூல் பிரிவு எல்லாம் இறுக்கமான கால்சட்டையில். கடவுளே, மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரியாமலே இருப்பது நல்லது என்று சில விஷயங்கள் உண்டு.

வேனில் நான்கு பேர்: ஓட்டுவது இவர், பக்கத்தில் நான், பின்னால் சைக்கிள் மெக்கானிக், சிரிப்பு மேடம். மீதி இடமெல்லாம் தண்ணீர் கேன். முதல் மேடு வந்ததும் படைத்தலைவர் கை காட்டி வேனை நிறுத்தினார். "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றபடி சைக்கிளைக் கூரையில் ஏற்றச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டார். உச்சிக்குச் சற்று முன்னால் இறங்கி, முகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கேமராவுக்குப் பேசினார்: "வலி இருக்கு. ஆனா அவங்க வலிக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

'அவங்க' வேனுக்குள் முறுக்கு தின்றபடி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு மெக்கானிக் மெல்லச் சொன்னார்: "டயர்ல காத்து நல்லாத்தான் இருக்குக்கா. சார்கிட்டதான் இல்ல." இவர்கூடச் சிரித்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

மூன்று மேடு. மூன்றிலும் படைத்தலைவருக்குக் காற்று கம்மி.

மார்ச் 14, வெள்ளி

கை ஆடுகிறது. நோயால் இல்லை. சந்தோஷத்தால். எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒரு பெரிய மைதானத்தின் ஓரம் வேனை நிறுத்தினார்கள். இறங்கி நான்கு எட்டு வைத்திருப்பேன், கால்கள் ஒட்டிக்கொண்டன. வழக்கம்தான். மூளை 'போ' என்கிறது, பாதம் அசைய மாட்டேன் என்கிறது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நடுவில் நின்றேன். இவர் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்கு என் நிலைமை புரியவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம் இதப் பிடிங்க" என்று ஒரு சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போனார்.

பிடித்தேன். எந்தப் பிசாசு புகுந்ததோ, சைக்கிளைச் சாய்த்துக் காலை மறுபக்கம் போட்டேன். மைதானம் லேசான சரிவு. அதுவாக உருண்டது. பெடலில் பாதம் பட்டதும்—

ஐயோ, கால் சுத்துச்சு! வலது, இடது, வலது, இடது. யாரும் சொல்லித் தராமலே. இரண்டு வருஷமா குளியலறை வாசல்ல நின்னு கெஞ்சினேனே, அதே கால்தான்! மைதானத்தை ஒரு சுற்று வந்தேன். காது ஓரத்தில் காற்று. சத்தம் போட்டுச் சிரித்தேன். முகத்தில் தெரிந்ததா இல்லையா, யாருக்குக் கவலை.

பின்னால் இவர் ஓடி வருகிறார். "நிறுத்து! விழுந்துடப்போற! நிறுத்தும்மா!" நிறுத்தத்தான் தெரியவில்லை. இறங்குவது என்றாலே கால் மறுபடி கல்லாகிவிடும். மூன்றாவது சுற்றில் இவரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தப்பிய கோழியைப் பிடிப்பது போலப் பிடித்து இறக்கினார்கள்.

இவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

டாக்டருக்கு போன் போட்டேன். ஆச்சரியப்படவே இல்லை. "சிலருக்கு அப்படி உண்டு. நடக்க முடியாது, சைக்கிள் ஓட்ட முடியும்." ஏன் என்று கேட்டேன். "முழுசாத் தெரியாதும்மா. அதுக்குத்தான் ஆராய்ச்சி பண்றோம். பக்கத்துல ஆள் இல்லாம ஓட்டாதீங்க, அவ்ளோதான்."

ஆக, இந்தப் படை எதற்காக ஊர் ஊராக மிதிக்கிறதோ, அதை நான் மைதானத்தில் செய்து காட்டிவிட்டேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மார்ச் 15, சனி

கைதட்டவில்லை.

காலைச் சாப்பாட்டில் படைத்தலைவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கூடவே சிரிப்பு மேடம். நேற்று யாரோ எடுத்த வீடியோவை எல்லார் கைபேசியிலிருந்தும் அழிக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க இப்படி ஜம்முனு ஓட்டுறதப் பாத்தா எவன் காசு குடுப்பான்? ஸ்டோரியே குழம்பிடும்."

"எது சார் ஸ்டோரி? எனக்கு வந்த நோயா?"

சிரிப்பு மேடம் குறுக்கே வந்தார். நாளைக்கு முடிவுக் கோட்டில் ஒரு சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். வேனிலிருந்து இறங்கி அதில் நான் உட்கார, படைத்தலைவர் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டுவாராம். நான் வாழ்க்கையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்றேன். "ஒரு அஞ்சு நிமிஷம்தானே மேடம்," என்றார். பல் அத்தனையும் தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடி, இவர் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருக்கிறார். அறைக்கு வந்ததும் இவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன்.

"என்னைக் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நல்ல காரியத்துக்குத்தானேம்மா. அந்தக் காசுல ஒரு மருந்து வந்தா உனக்குத்தானே..."

"மருந்து வர்றப்ப வரட்டும். இன்னைக்கு என் காலு ஓடுது. நாளைக்கு ஓடுமான்னு அந்த டாக்டருக்கே தெரியாது. இருக்குறப்ப ஓட்டக்கூடாதா நான்? எனக்கு சட்டைப் பட்டன் போட்டு விடுறீங்க, சரி. சாப்பாட்ட பிசைஞ்சு தர்றீங்க, சரி. எனக்காக நீங்களே பயப்பட்டுட்டு, எனக்காக நீங்களே சரின்னும் சொல்லிடுவீங்களா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அது சரியாகத்தான் இருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்ததை யாராவது சொல்லியிருந்தால், காதில் பூ சுற்றாதே என்றிருப்பேன்.

கடைசிப் பாதியில் படைத்தலைவருக்கு நிஜமாகவே முழங்கால் பிசகிவிட்டது. வீங்கிப்போய், முனகிக்கொண்டே வேனில் ஏறினார். "முடிவுக் கோட்டுக்கு ஒரு தெரு முன்னாடி இறக்கி விட்ருங்க, ஓட்டிக்கிட்டே போயிடுறேன்" என்றார். அவர் சைக்கிள் வழக்கம்போலக் கூரையில்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் இவர் வேனை நிறுத்தினார். இறங்கினார். மெக்கானிக்கிடம் "சைக்கிள இறக்குங்க" என்றார். படைத்தலைவர், "இன்னும் தூரம் இருக்கே?" என்றார். இவர் சைக்கிளைக் கொண்டுவந்து என் பக்கத்துக் கதவோரம் நிறுத்தி, சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏறினேன். கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார். "விட்டுடவா?"

"விடுங்க!"

விட்டுவிட்டார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். எழுதும்போதே கண் நிறைகிறது, சனியன். மெக்கானிக் கூரையில் இருந்த உபரி சைக்கிளில் எனக்குப் பக்கத்திலேயே வந்தார். டாக்டர் பேச்சைக் கேட்டாயிற்று.

இவர் திரும்பி ஓடிப்போய் வேனை எடுத்தார்; வேன் எங்களை முந்தியது. எந்தத் தெருவிலும் நிற்காமல் நேராக முடிவுக் கோட்டுக்கே போய்விட்டது. அங்கே காத்திருந்த உள்ளூர்த் தொண்டர்கள் என்னைப் பார்த்ததே இல்லை; அவர்களுக்கு ஒரே உத்தரவு: வேனிலிருந்து நோயாளி இறங்குவார், நாற்காலியில் உட்கார வையுங்கள். வேன் கதவு திறந்தது. காலை இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். வேறென்ன அடையாளம் வேண்டும்? இரண்டு பேர் அலாக்காகத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். "நான் இல்லப்பா! நான் மேனேஜர்!" என்று கத்தியிருக்கிறார். "பரவாயில்ல சார், தைரியமா இருங்க" என்று ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். பூங்கொத்து, கைதட்டல், கேமரா, எல்லாம் முறையாக நடந்தது.

அந்தக் கூட்டத்தை நான் மணியடித்து விலக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். அப்போதும் நிறுத்தத் தெரியவில்லை. இவர்தான் ஓடிவந்து பிடித்தார்.

மார்ச் 22, சனி

நிதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறதாம். படைத்தலைவர் சக்கர நாற்காலியில் போன வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் காசையும் போட்டிருக்கிறார்கள். நான் ஓட்டிய வீடியோவுக்குக் கீழே மட்டும் வேறு கதை. 'நல்ல நடிப்பு.' 'இந்தம்மாவுக்கு நோயாம், நம்புங்க.' 'உக்காந்து சம்பளம் வாங்குது.'

இவர் படிக்கவிடாமல் கைபேசியைப் பிடுங்கினார். நான் திருப்பிப் பிடுங்கிப் படித்தேன்.

மெக்கானிக் குறுக்குக் கம்பி இல்லாத பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலையில் பூங்காவைச் சுற்றுகிறேன். இவர் பின்னாலேயே வாடகை சைக்கிளில், மூச்சிரைக்க.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை. என் மருத்துவ விடுப்பு போலியா என்று. அனுப்பியது என்னுடைய பிரிவேதான். வந்தவர் பத்து வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர். பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவ்வளவு நோண்டுவார். உள்ளே வரவே தயங்கினார்.

"எனக்கே சங்கடமா இருக்கு மேடம். சைக்கிள மட்டும் கொஞ்ச நாள் தொடாதீங்க. ஃபைல நான் மூடிடுறேன். தொட்டீங்கன்னா சம்பளத்த நிறுத்திடுவாங்க."

கொஞ்ச நாள். என் கால்களிடம் இருப்பதே கொஞ்ச நாள்தான், அதை எடுத்து இவர்களுக்குக் கொடுக்கணுமா? வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அடுப்படியிலிருந்து இவர் குரல்.

"நாளைக்குக் காலையில வாங்க சார். சைக்கிளோட வாங்க. அவ கூட ஓட்டிக்கிட்டே விசாரிங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

வந்தார். பூங்காவை இரண்டு சுற்று. "மெதுவா மேடம், மெதுவா!" என்று பின்னால் கதறினார். நான் மெதுவாகப் போகவில்லை. ஒரு கையில் கைபேசியைப் பிடித்துப் படமும் எடுத்தார். கடமை.

வீட்டு வாசலில் இவர் பிடித்து இறக்கினார். கேட்டிலிருந்து கதவுக்குப் பத்தடி இருக்கும். இரண்டு எட்டு வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இவர் கை நீட்டவில்லை. நான் கேட்டால்தான் நீட்டுவார் இப்போது. நின்றேன். ஒரு எட்டு. மறுபடி நின்றேன். வியர்த்தது. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பாதியில் திரும்பினால், பூதக்கண்ணாடி கைபேசியைத் தாழ்த்திவிட்டு தலையைக் குனிந்து நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன். "சைக்கிள எடுத்தீங்கல்ல? இதையும் எடுங்க. முழுசா எடுங்க."

மறுபடி கைபேசியைத் தூக்கினார். நான் கதவைத் தொடும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.