ஏழாவது அடி

அக். 9, வியாழன்
சன்னிவேலில் கொளுத்துகிறது, அக்டோபர் மாதிரியே இல்லை. என் கராத்தே டோஜோ தரை துடைக்கணும். பெல்ட் ஆர்டர். ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் வரும்போது ஒகினாவா தலைமைப் பள்ளியிலிருந்து மெயில். ஞாயிறு தேர்வாளர் வருகிறார். அவர் அங்கீகாரம் கொடுத்தால்தான் என் மாணவப் பிள்ளைகளின் கறுப்பு பெல்ட் வெளியிடங்களில் செல்லுபடியாகும். கொடுப்பார். இங்கே பதினோரு வருட உழைப்பு, சும்மாவா?

கூடவே ஒரு கேள்வி. நான் அனுப்பிய வீடியோவில், கட்டா என்கிற அசைவு வரிசையைச் செய்யும்போது ஏழாவது அடியில் எல்லாரும் இடப்பக்கம் அரை அடி விலகுகிறோமாம். அவர்களிடம் அது இல்லையாம். எதற்கு?

எதற்கா? என் மாஸ்டர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். ஒகினாவாவில் பிறந்து, கொழும்பு வழியாகப் பெரம்பூர் வந்து, எங்களோடு அமெரிக்கா வந்த கட்டா. அவர்கள்தான் தொலைத்திருப்பார்கள். அப்படியே பதில் எழுதிவிட்டேன். அனுப்புமுன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை.

அக். 10, வெள்ளி
காலை ஏழு. சென்னைக்கு போன். கேள்வியைச் சொன்னதும் மாஸ்டர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஏம்மா, அது தூணும்மா! கல்யாண மண்டபத்து டைனிங் ஹால்லதானே கிளாஸ்? நடுவுல தூண் இருந்துச்சு, இடிச்சுக்கப் போறீங்கன்னு ஒதுங்கச் சொன்னேன். அதையும் பேக் பண்ணி எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"நீங்க சொல்லவே இல்லையே மாஸ்டர்!"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

உண்மை. மாஸ்டரிடம் யார் கேட்டோம்? "ஓஸ்" என்று ஆமோதித்துத் தலை குனிவதோடு சரி. வெட்கம். கோபமும். பல் தேய்க்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, மெயில் போகவில்லை.

அக். 11, சனி
இட்லி மாவு. பால். பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். தியா கை தூக்கினாள். "சென்சே, ஸோ வாட் எல்ஸ் இஸ் அ பில்லர்?"

என் வகுப்பில் முதல் கேள்வி. வேறு எதெல்லாம் தூணாம். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அக். 12, ஞாயிறு
தூண் கதையைத் தேர்வாளரிடம் முதலிலேயே சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் பழக்கத்தில் விலகினார்கள். கடைசியில் நான். ஏழாவது அடி. உடம்பு ஒதுங்கப் பார்த்தது, விடவில்லை. நேராக வைத்தேன். கட்டா கற்ற இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அங்கீகாரம் கிடைத்தது. தெரிந்ததுதான்.

கிழக்குக் கரையில், ஐசலினில் கிளை நடத்தும் கணேசன், மாஸ்டரின் கடைசி பேட்ச். அடுத்த வாரம் அவனுக்குத் தேர்வு. போன் பண்ணி எல்லாம் சொன்னேன்.

"எந்தத் தூண்க்கா? என்னையும் ஒதுங்கத்தான் சொன்னார், ஆனா நான் சேந்தப்போ கிளாஸ் மொட்டை மாடிலதானே?"