கப்பலில் உன் கட்டிலில் லில்லி

என் கண்ணான பிலோ,

கப்பல் பயணம் முடிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நல்லபடியாகப் போய்வந்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேனாவைக் கையில் எடுத்ததும் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. செத்தவளிடம் என்ன சண்டை என்கிறார் உன் அண்ணன். அவருக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். உன்னை விட்டுப் பிரிய மனமில்லாமல்தான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டேன் என்று கோயிலில் எல்லோரும் கேலி செய்வார்களே, அதில் பாதி உண்மைதான். எனக்கு உன்னோடு சண்டை போட உரிமை இருக்கிறது.

இந்தப் பயணமே உன் யோசனை. "ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயாச்சு, ரீட்டா. இன்னும் எத்தினி நாளு இந்த சாந்தோம் கடலையே பாத்துக்கினு இருக்கறது? நடுக்கடல்ல நெருப்பு கக்குற மலை கீதாம்டி, கப்பல்லேர்ந்தே பாக்கலாமாம்" என்றாய். தி.நகர் டூர்க்காரரைப் பிடித்ததும் நீதான். நேப்பிள்ஸில் ஏறி, எரிமலைத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு, சிசிலியில் இறங்குகிற சின்னச் சொகுசுக் கப்பல். ராத்திரிக்கு ரசம் சாதம் உண்டு என்று டூர்க்காரர் உறுதி சொன்ன பிறகுதான் நான் தலையாட்டினேன்.

விசாவுக்குக் கைரேகை வைக்க நான் தனியாகத்தான் போனேன். பெங்களூரில் உன் மகள் வீட்டிலிருந்து நீ கொடுத்துக்கொள்வதாகச் சொன்னாய். எரிமலை மண்ணில் நடக்க பாண்டி பஜாரில் ஆளுக்கொரு ஷூ வாங்கினோம். உன்னுடையது உன் காலுக்குப் பெரிதாக இருந்தது. "தடியா ஒரு சாக்ஸ் போட்டா சரியாப்பூடும்" என்று சிரித்தாய். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. கேட்டதற்கு சுகர் என்றாய், டயட் என்றாய். நானும் நம்பி, "அந்த டயட்டை எனக்கும் சொல்லேண்டி" என்றேன். பிலோ, அப்போது உன்னால் எப்படிச் சிரிக்க முடிந்தது?

அதற்கப்புறம் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எல்லோருக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உனக்குப் பேச்சு நின்றிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு நாளில் உன் மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

கப்பலுக்குப் போகப்போவதில்லை என்றுதான் இருந்தேன். "பிலோ ஆசைப்பட்டது, போய்ட்டு வா" என்று உன் அண்ணன் விடவே இல்லை. உன் இடத்துக்கு உறவுக்கார அம்மா ஒருவர் வருகிறார் என்று டூர்க்காரர் சொன்னார். உன் பெரம்பூர்ச் சித்தி மகளாக இருக்கும் என்று நானும் விசாரிக்கவில்லை.

விமான நிலையத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்த்தேன். பாண்டி பஜாரில் வாங்கிய ஷூ. அதை மாட்டிக்கொண்டு நின்றவள் என் தங்கை லில்லி. அவளுக்கு அது கச்சிதமாக இருந்தது.

லில்லியோடு எனக்கு ஏன் பேச்சில்லை என்று உனக்குத் தெரியும். நான் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நேரத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அம்மா திரும்பி வரவே இல்லை. அன்று நீதானே சொன்னாய், "நானா இருந்தா இந்த ஜென்மத்துல அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வீம்பாக இருந்தேன். கல்யாண வீட்டில் அவள் இந்தப் பந்தி என்றால் நான் அடுத்த பந்தி. மந்தைவெளியில் உன் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவள் இருக்கிறாள் என்பதால், உன் வீட்டுக்கு வரும்போதுகூடச் சுற்றிக்கொண்டு வருவேன்.

விசா ஒரே நாளில் வருகிற சமாசாரமா? உன்னை அடக்கம் செய்த பிறகு கேட்டிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்காது. நீயும் நானும் ஷூ வாங்கியபோதே அவள் கைரேகை வைத்து முடித்திருக்கிறாள். அந்த ஷூவையே நீ அவள் கால் அளவுக்குத்தான் வாங்கியிருக்கிறாய். விமானத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றுகொண்டே அவளுக்கும் எனக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கிறாய்.

கப்பலில் ஒரே அறை. பேசாமலே துணி மாற்றினோம், பேசாமலே தூங்கினோம். டைனிங் ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில், வைன் கோப்பையில் ஊற்றி ரசத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்தே புரையேறியிருக்கும். லில்லி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் லிப்பரித் தீவில் இறங்கினோம். சந்தெல்லாம் எலுமிச்சைப் பழக் கூடைகள், கண் கூசுகிற வெயில். கறுப்பு மணலில் அவள் முன்னால் நடக்க, அந்த ஷூவின் தடத்தைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.

ஸ்ட்ராம்போலி எரிமலையைப் பார்க்க அன்று சாயங்காலம் எல்லோரும் மேல்தளத்தில் கூடினார்கள். உச்சியில் சிவப்பாக ஒன்று எழும்பி அடங்கியது. நம் ஆட்கள் கைதட்டினார்கள். லில்லி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அஞ்சு மாசம் நாந்தான்க்கா பிலோக்காவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போனேன்."

மலையை விட்டு அவள் பக்கம் திரும்பினேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா கப்பலாவது ஒண்ணாவதுன்னு எல்லாத்தையும் நீ கேன்சல் பண்ணிட்டு ஆஸ்பத்திரில வந்து உக்காந்துக்குவேன்னு சொல்லிச்சு. ரீட்டா ஒருத்திகிட்டயாவது நான் நோயாளியா இல்லாம இருக்கணும்னு சொல்லிச்சு. நம்ம கோயில்ல ஒடம்பு சொகமாவணும்னு பூசைக் கருத்துக்கு பேரு குடுத்தா பூசைல சாமியார் படிப்பாரு, உன் காதுல விழுந்துடும்னு பெசன்ட் நகர் கோயிலுக்குப் போயி குடுத்துச்சு."

அந்தப் பூசைக்கும் உன் பக்கத்தில் லில்லிதான் முழந்தாளிட்டிருக்கிறாள்.

ஆமாம், கேன்சல் செய்திருப்பேன். ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்திருப்பேன். அது என் இஷ்டம் இல்லையா? நீ வாந்தி எடுத்தால் முதுகைத் தடவ வேண்டியவள் நான். நீ பயந்து அழுதிருந்தால் நான் கேட்டிருக்க வேண்டும். அதையெல்லாம், யார் மூஞ்சியில் முழிக்காதே என்றாயோ அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எனக்குச் சிரிப்பை மட்டும் காட்டியிருக்கிறாய். பாண்டி பஜாரில் என்னோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டவள் நீதானா, இல்லை எனக்காக வேஷம் போட்ட யாரோ ஒருத்தியா? இனி எந்த ஞாபகத்தை நான் நம்புவது?

திரும்பி வந்தபோது உன் அண்ணன் அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வந்திருந்தார். என் பெட்டியை வாங்கிய கையோடு லில்லியின் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். அவள் ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கும் தெரியுமா?"

"மாதா மேல சத்தியம் வாங்கிடுச்சு, ரீட்டா. நான் இன்னா பண்றது?"

ராஜா அண்ணாமலைபுரம் வரும்வரை காரில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சமைத்து வைத்ததோடு சரி, அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஒரு மத்தியானம் நானே லில்லிக்குப் போன் செய்தேன். சமாதானமாகப் போகிற எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. உன் கடைசி ஐந்து மாசமும் அவளிடம் இருக்கிறது, வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? "மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன். எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு பழையபடி அவளோடு பேச்சை முறித்துக்கொள்வதாகத் திட்டம். தினமும் போன் செய்கிறேன். ஸ்கேன் ரூமுக்குள் போகமாட்டேன் என்று நீ அடம்பிடித்தது, கான்டீன் காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று சண்டைக்குப் போனது வரைக்கும் வந்திருக்கிறோம்.

என் திட்டம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "அப்புறம் இன்னாச்சு?" என்று கேட்டேன். "அடுப்புல கொழம்பு கீதுக்கா, நாளைக்கு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். தினமும் கொஞ்சம்தான் சொல்கிறாள்.

நாளைக்கும் போன் செய்வேன், பிலோ. அவள் எத்தனை நாள் இழுத்தாலும் கேட்பேன், அந்த வாக்கை மட்டும் உனக்குக் கொடுக்கிறேன். மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்காதே.

உன் மேல் தீராத கோபத்தோடு,
உன் அண்ணி
ரீட்டா