செவ்வாய்க்குப் போன கலமும் அக்காச்சியின் பவளமும்

என்ரை அக்காச்சிக்கு,

நேற்றுப் பின்னேரம் உன் செவ்வாயைப் பற்றிச் செய்தி வந்தது. இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. என் மனுசன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, அந்த டைனமோவில்தான் றேடியோ பாடுகிறது. ஆளில்லாத கலம் ஒன்றைச் செவ்வாய்க்கு அனுப்பினார்களாம். கிட்டப் போன நேரம் அதன் பேச்சு நின்றுவிட்டதாம். இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். நீ இருந்திருந்தால் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்திருப்பாய்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓர் இயந்திரம் அங்கே இறங்கி மண் அள்ளியது. அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டை எங்கள் ஐயாவின் நகைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தாய், ஞாபகமா? பொன் வேலை செய்கிற இடத்தில் இது என்ன கூத்தென்று ஏசினார். ஆனால் கிழிக்கவில்லை.

சண்டை பிறகுதான் வந்தது. அச்சுவேலியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். உனக்கும் அவரைப் பிடித்திருந்தது. மறைக்காதே, எனக்குத் தெரியும். சாத்திரியார் உன் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் என்றார். கட்டினால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாதாம். நீ ஐயாவோடு வாதாடினாய்.

“ஐயா, உந்தச் செவ்வாயிலை மெசின் இறங்கி மண்ணைக் கிண்டிப் பாத்திட்டுது. வெறும் கல்லும் தூசியுமாம். அது எப்பிடி ஆளைக் கொல்லும்?”

“மெசினுக்குச் சாதகம் இல்லைப் பிள்ளை.”

அதோடு சம்பந்தம் முறிந்தது.

அந்த மாதம்தான் நீயும் ஐயாவும் இராசேஸ்வரி அம்மனுக்குப் பொன்முடி செய்தீர்கள். உலகாளும் அரசிக்கு முடி, பிழை வரக்கூடாதென்று ஐயா நித்திரையில்லாமல் திரிந்தார். தகட்டை அரக்கில் வைத்து அவர் பூவேலை அடிக்க, கல் பதிப்பது உன் வேலை. நவமணியில் நடு மாணிக்கம் தொடங்கி எட்டுக் கல்லையும் பதிக்க விட்டவர், செவ்வாய்க்குரிய பவளத்தை மட்டும் உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நீ எழும்பிப் போனாய். கிணற்றடியில் நீ முகம் கழுவிக்கொண்டே இருந்தாய். அவர் பதித்த பவளம் கொஞ்சம் சரிவு. அம்மன் வீதிக்கு வரும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

உன்னைக் கட்டினால் செத்துப்போவார் என்ற அந்த அச்சுவேலி மாப்பிள்ளை இன்றைக்கும் சைக்கிளில் வெங்காயம் கட்டிக்கொண்டு போகிறார். நீதான் இல்லை. சந்தையில் விழுந்து உன்னைக் கொண்டுபோன செல் குண்டு செவ்வாயிலிருந்தா வந்தது? ஐயாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டும் என்ன? ஒரு வருசமாவது அவரோடு வாழ்ந்திருப்பாயே அக்காச்சி. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். அச்சாய் உன் மூக்கு. நேற்று றேடியோவை நிறுத்தியதும் ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவளுக்குச் சாதகம் எழுதுவிச்சாச்சோ?”

“இல்லை ஐயா.”

“வேண்டாம், விடு.” பிள்ளையின் துணியைச் சரிசெய்துகொண்டே, “அந்தப் பவளத்தையும் உன்ரை அக்காவிட்டையே விட்டிருக்கலாம்,” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவள் பிறந்தபோது வெளியே செல் சத்தம். மருத்துவிச்சிக்குக் கூட நேரம் பார்க்கத் தோன்றவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தது நான் ஒருத்திதான். சாதகம் எழுத மாமி பிறந்த நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். சாகும்வரைக்கும் அதையே சொல்வேன். உன்மேல் ஆணை.

உன் மூக்கோடு பிறந்தவளின் அம்மா,
உன் தங்கச்சி