ஆறாவது ஷவர்

புதுச்சேரி
மே 5

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீயும் சங்கவியும் நலமா? சாத்தூர் வெயிலில் அம்மாவை வெளியே அலையவிடாதே. எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக நடக்கிறது.

இங்கே உப்பளம் என்கிற பகுதியில் ஒரு பால்வாடிக்குக் குழாய் மாற்றினோம். டீச்சரிடம் கேட்டு, மிச்சக் குழாயில் பிள்ளைகள் நனைந்து விளையாட வேப்பமரத்தடியில் ஆறு ஷவர் வைத்தேன். பிள்ளைகளை நிறுத்தி, தலைக்கு ஒரு சாண் மேலே ஐந்தை இறுக்கினேன். ஆறாவதைத் தொடுவதற்குள் ஒரு வாண்டு வால்வைத் திறந்துவிட்டது. நான் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். திறப்பு விழா என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே.

மத்தியானம் முழுக்க ஒரே கூச்சல். "அண்ணே, இனிமே இதுங்க வூட்டுக்கே போவாதுங்க. எந்த வீடியோவப் பாத்து செஞ்சீங்க?" என்றார் டீச்சர். "எல்லாம் என் மண்டையில இருந்துதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அதிலென்ன!

இறுக்காமல் விட்ட ஆறாவது யாருக்கு என்று கேட்டார். "என் பொண்ணுக்கு. லீவுல வருவா" என்று வாய் சொல்லிவிட்டது. எவ்வளவு உயரம் என்றதும் என் இடுப்பைக் காட்டினேன். பிறகுதான் உறைத்தது, அது போன தீபாவளிக்குப் பார்த்த உயரம்.

சங்கவியைச் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலைவரை நூலால் அளந்து, அந்த நூலைக் கவரில் வைத்து அனுப்பு. போனில் சென்டிமீட்டர் சொல்லாதே. எனக்கு நூல்தான் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நூல் வரும்வரை ஆறாவதை இறுக்க மாட்டேன்.

உன்
பஞ்சநாதன்