கோயில் ஏன் கோணியது

தார்ன்ஹோம்,
1874 செப்டம்பர் 9

என் அன்பு சைலஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். லீட்ஸ் கல்பட்டறையில் உன் கைகால்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று தினமும் ஜெபிக்கிறேன். ஆப்பிள் இந்த வருடம் கிளை முறியக் காய்த்திருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும், கோயிலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பீடத்தின் முன்னால் தரை அமிழ்ந்துபோனதால் ஜூலையில் கற்களைப் பெயர்த்தார்கள். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளையாயிற்றே, அப்பாவும் தோண்டினார். தேநீர் கொண்டுபோன நான் குழிக்குள் எட்டிப் பார்த்தால், சுவர்! நம் கோயில் சுவருக்கு உள்ளே இரண்டடி தள்ளி, பிறைபோல் வளைந்த இன்னொரு சிறிய சுவரின் அஸ்திவாரம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். "கெசியா, இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று அப்பா கத்தினார். யார் கேட்டது?

கோயிலுக்குள் கோயில் எதற்கு? ரொட்டி பிசையும்போதும் அதே நினைப்பு. ஒருநாள் ரொட்டியே கருகிப்போனது. பிறகுதான் விளங்கியது. பூசை ஒரு நாளும் நிற்கக் கூடாதென்று, அந்தக் காலத்துக் கொத்தர்கள் பழைய சிறிய பீடப் பகுதியை இடிக்காமல் அதைச் சுற்றியே புதிதைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் பழைய சுவர் நிற்க, மூலைக்கு மூலை கயிறு பிடித்து நேர் பார்ப்பது எப்படி? அதனால்தான் நம் பீடப் பகுதி வடக்கே ஒரு முழம் கோணிவிட்டது. பழையதை இடித்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

மூன்று வருடம் முன் அறுப்பு விருந்தில் நீ சொன்னதும் அதுதானே. சிலுவையில் இயேசு தலை சாய்த்ததுபோல் வேண்டுமென்றே சாய்த்துக் கட்டினார்கள் என்பது அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லும் கதை. நீயோ ஊர் முன்னால், "அளக்கத் தெரியாம கோட்ட விட்டிருக்கானுங்க, அதுக்கு ஒரு கதையா?" என்று சிரித்தாய். "கோயிலக் கேலி பண்றவன் என் வீட்டுல இருக்க வேணாம்" என்றார் அவர். நீயும் அன்றே பெட்டியைத் தூக்கினாய். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

குழியைப் பார்த்த பிறகு அப்பா நான்கு நாள் கயிறும் கையுமாக அதிலேயே கிடந்தார். போன ஞாயிறு இப்ஸ்விச்சிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள் தலை சாய்ந்த கதையைக் கேட்டார்கள். அப்பா தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அளவு தப்பித்தான் கட்டியிருக்காங்க. ஆனா ஒரு நாளும் பூசை நிக்கக் கூடாதுன்னு பண்ண தப்பு அது. எம் மவன் அன்னிக்கே சொன்னான், நான்தான் கேக்கல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கற்களையெல்லாம் திரும்பப் பதித்தாயிற்று. அந்த வளைவின் மேலே மட்டும் இரண்டு கல் பாக்கி. பாதிரியார் கேட்கும்போதெல்லாம், "சுண்ணாம்பு இன்னும் பதம் வரலிங்க ஐயா" என்கிறார் அப்பா. அதே சுண்ணாம்பில்தான் மற்ற கற்களைப் பதித்தார். நீ கொத்தன், உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

குளிர் வருமுன் மூடியாக வேண்டும். கர்த்தர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவாராக. கோணலாக வந்தாலும் சரி, வந்து சேர்.

உன் அம்மா,
கெசியா